பாதிக் காற்று

"அந்தப் பெரிய கம்ப்ரஸரைத் தொட்டீங்கன்னா, நான் இப்பவே பஸ் ஏறிடுவேன்" என்றாள் சாந்தகுமாரி.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மராட்டியப் பக்கம், போபோடியில் மும்பை ரோட்டோரம் இருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பொம்பளைகள் வருகிற இடமில்லை.

அவள் புருஷன் கலியனுக்கு மானம் போயிற்று.

"கம்ப்ரஸர் வேணும்னு நச்சரிச்சதே நீதானே!"

உண்மைதான். கலியன் சொந்த லாரி ஓட்டுகிறவன். பக்கத்து ஊர் சாகணில் என்ஜின் பாகம் ஏற்றினால் ஓசூரில் இறக்குவான். போன மாதம், நாலு வழிச் சாலை வேலை நடக்கிற சாத்தாரா ரோட்டில், டயரில் காற்று இறங்கி நின்றுவிட்டான். இருட்டிலிருந்து நாலு பேர் கம்போடு வந்து லாரியைச் சுற்றினார்கள். பின்னால் ஒரு பஸ் வந்தது. பிழைத்தான்.

அன்றிலிருந்து அவள் ஒரே பாட்டு. வண்டியிலேயே ஒரு கம்ப்ரஸர் வைத்துக்கொள்ளுங்கள், காற்றை அடித்தோமா, அந்த இடத்தை விட்டுக் கிளம்பினோமா என்று இருக்க வேண்டும். இப்போது வாங்க வந்தால் இந்தக் கூத்து.

கடைக்காரர் கிறிஸ்டோபர் தமிழர்தான். நிதானமாகச் சொன்னார்.

"தங்கச்சி, பெருசு லாரி பேட்டரியில ஓடும். டயரை முழுசா நிரப்பும். நீ கேக்குற சின்னது காருக்கு உள்ளது. லாரி டயர்ல பாதி ஏத்துறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கும்."

"சின்னது போதும்."

"பாதிக் காத்துல லோடு வண்டி ஓடாதும்மா. ஊர்ந்துதான் போகும்."

"ஊர்ந்தே போகட்டும்."

கலியனின் கூட்டாளி சலீம் சிரித்தான். அவனும் லாரிக்காரன்; அவளை அண்ணி முறை வைத்து 'பாபி' என்றுதான் கூப்பிடுவான்.

"பாபிக்கு அந்தச் சின்னதோட சிவப்புக் கலர் புடிச்சுப் போச்சு. கலியா, அதே கலர்ல ஒரு பிளவுஸ் துணியும் வாங்கிக் குடுத்துடு."

"நீ சும்மா இரு பாய்" என்றான் கலியன். கிறிஸ்டோபரிடம் திரும்பினான். "அண்ணே, பெருசை ஓட்டிக் காட்டுங்க. கண்ணால பாத்தா இவளுக்குப் புரியும்."

லாரி வெளியே நின்றது. முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார்கள். ஒயரை பேட்டரியில் மாட்டினார்கள். கம்ப்ரஸர் கத்த ஆரம்பித்தது.

கலியன் சக்கரத்துக்கு நேர் எதிரே குந்தினான். மீட்டரில் முள் ஏறுவதைப் பார்த்தான். ஜோராக ஏறியது.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள் சாந்தகுமாரி.

"இரு."

"வாங்கன்னு சொல்றேன்ல!"

அவன் திரும்பவில்லை. முள் இன்னும் ஏறியது.

அவள் ஓடினாள். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். கலியன் நடுத்தெருவில் மல்லாந்து விழுந்தான். சட்டைப் பித்தான் தெறித்தது. டீக்கடையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"அரே பாபி! மெஷின் சத்தத்துக்கே இந்தப் பயமா?" என்றான் சலீம். "நாங்க இது பக்கத்துலயே படுத்துத் தூங்குற ஆளுங்க!"

அவள் காதில் அது விழவில்லை. கிறிஸ்டோபரிடம் ஓடினாள்.

"நிறுத்துங்கண்ணே. உங்களைக் கும்பிடுறேன். நிறுத்துங்க."

கிறிஸ்டோபர் நிறுத்தினார்.

கலியன் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"ஏண்டி, அந்த நாலு பேரு மறுபடி வந்தா, இந்தச் சின்னதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"பாதி அடிச்சுக்கிட்டு அங்கேருந்து கிளம்பி வாங்க. மிச்சத்தை பஞ்சர் கடையில அடிச்சுக்கலாம்."

"பாபியோட தம்பி யாராச்சும் பஞ்சர் கடை வெச்சிருக்கானா?" என்றான் சலீம்.

மறுபடியும் சிரிப்பு. கலியனுக்கு அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றாகிவிட்டது.

"ஏதோ ஒண்ணைக் கட்டிக் குடுங்கண்ணே. தொலையட்டும்."

அவன் போய் லாரியில் ஏறிக்கொண்டான். சலீமும் பின்னாலேயே போனான். "வீட்டுல யாரு டிரைவர்னு இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு" என்று அவன் சொல்வது உள்ளே வரை கேட்டது.

கிறிஸ்டோபர் சின்னதை அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினார். மனசு கேட்கவில்லை.

"தங்கச்சி, பின்னால என்னைக் குறை சொல்லாதே. இது லாரி டயரை நிரப்பவே நிரப்பாது."

"தெரியும்ணே. நிரப்பக் கூடாதுன்னுதான் கேட்டேன்."

கட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

"நான் ஆஸ்பத்திரியில துப்புரவு வேலை பாக்குறேன். முந்தாநாள் ஒரு லாரி டிரைவரைக் கொண்டாந்தாங்க. ரோட்டோரமா தானே காத்து அடிச்சிருக்காரு. முழுசா ஏறுற நேரத்துல, டயரைப் புடிச்சிருக்குற இரும்பு வளையம் கழண்டு தெறிச்சு அடிச்சிடுச்சு. பஞ்சர் கடையா இருந்தா சக்கரத்தைக் கூண்டுக்குள்ள வெச்சு அடிச்சிருப்பாங்களாம். அந்தத் தரையைக் கழுவினது நான்தான்."

கிறிஸ்டோபர் வெளியே நின்ற லாரியைப் பார்த்தார். அதே வளையம் வைத்த சக்கரம்தான். பெரிய கம்ப்ரஸரை எத்தனையோ பேருக்கு விற்றிருக்கிறார்.

"இதை அவன்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மா? ஊரே சிரிச்சுதே உன்னை."

"வளையம் தெறிக்கும்னு அவருக்கும் தெரியும்ணே. சும்மா எச்சரிச்சா, எனக்கெல்லாம் ஆகாதுன்னு சிரிப்பாரு. நான் பாத்ததை அப்படியே சொன்னா சிரிக்க மாட்டாரு, பயப்படுவாரு."

வெளியே ஹாரன் அடித்தது. அவள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ராத்திரியெல்லாம் தனியா ஓட்டுற மனுஷன். லோடோட சேர்த்து பயத்தையும் ஏத்தி அனுப்பணுமா? அது என்கிட்டயே இருக்கட்டும்ணே."