குறுக்கு உழவு

திண்டிவனத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு மரக்காணம் கடலின் தரையை வகை பிரிப்பதுதான் புனிதாவின் வேலை. படகிலிருந்து நாள் முழுக்க சோனார் தரவு வந்துகொண்டே இருக்கும். மென்பொருள் அதைப் பார்த்து மணல், சேறு, பாறை என்று நிறம் கொடுக்கும். நாற்பது மீட்டர் ஆழத்தில் ஒரு துண்டுக்கு மட்டும் எந்த நிறமும் கொடுக்க மாட்டேன் என்கிறது.

"மணல்னு போட்டு அனுப்பும்மா," என்றார் மேலாளர் நிஜாமுதீன். "தண்ணி ஓடின வரிங்க அது."

"போன மாசம் வரியெல்லாம் தெக்கு வடக்கா இருந்திச்சு சார். இப்போ அது மேலயே கெழக்கு மேற்கா இருக்குது. சுத்தி வரப்பு வேற."

"கடல்ல ஏதும்மா வரப்பு? ஃபைலு மறுபடியும் திரும்பி வந்திச்சுன்னா வேலையே போயிடும். பேஜாரு பண்ணாத, ஜல்தி அனுப்பு."

மணல் என்று போட்டாள். மென்பொருள் அழித்தது. மறுபடி போட்டாள். மறுபடி அழித்தது. எரிச்சலில் சொந்த ஊரான பிரம்மதேசத்துக்கு ஃபோன் போட்டாள். அப்பா மல்லாட்டைக் கொல்லையில், வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே இருந்தார்.

"ஏம்பா, நேரா ஓட்டி, குறுக்கயும் ஓட்டிட்டா, அப்புறம் என்னா பண்ணுவாங்க?"

"நம்ம வூட்டுப் பொண்ணு கேக்குற கேள்வியா இது? வரப்புல குந்தி மழைக்குக் காத்துக்கினு இருப்பாங்க. வேற என்னா பண்ணுவாங்க?"

ஃபோனை வைத்துவிட்டு அந்தத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலையில் வெறுமையாக இருந்த வரப்பின் மேல் இப்போது ஏழெட்டுப் புள்ளிகள், பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தன.