மேலே கோடு, கீழே கோடு

“நாளையிலேருந்து நான் வகுப்புக்குப் போகலக்கா. மானம் போகுது.”

தையற்காரி செருப்பைக்கூடக் கழற்றாமல் மாடி வீட்டு வாசலில் நின்றாள். அக்கா என்று அவள் அழைத்தது, அங்கே குடியிருக்கும் ஓரகத்தியை.

விடுதியில் வளர்ந்த தையற்காரிக்கு அரபி எழுத்தைச் சொல்லித்தர யாரும் வாய்க்கவில்லை. கல்யாணமான இந்த ஒரு மாதமாக, கணவன் குர்ஆன் ஓதும்போதெல்லாம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மனசு கேட்காமல் பெண்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். இன்று ‘பி’ என்பதை ‘பு’ என்று படித்துவிட, மொத்த வகுப்பும் சிரித்துவிட்டது.

“இதுக்குப் போயா அழறே?” ஓரகத்தி அடுப்பை அணைத்தாள். “நானும் வந்து சேர்ந்துக்கறேன். சிரிக்கிறவங்க நம்ம ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கட்டும்.”

சொன்னபடி வந்தாள். வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். தையற்காரி நேற்றுத் தடுமாறிய எழுத்தில் இன்று அவள் தடுமாறுவாள். ஆசிரியை மட்டும் சிரிக்காமல் குனிந்தபடி பாடம் நடத்துவாள்.

வீட்டுக்கு வந்தாலும் ஓரகத்தி விடமாட்டாள்.

“ஏம்மா, இந்தச் சுழி எதுக்கு?”

தையற்காரி நூலைக் கத்தரித்து எழுத்தின்மேல் வைத்தாள். “நல்லாப் பாருங்கக்கா. மேல கோடு வந்தா ‘ப’. அதையே கீழ இறக்கினா ‘பி’. மேல சுழிச்சு விட்டா ‘பு’.”

“மண்டையில ஏறலியே. இன்னொரு தடவை சொல்லு.”

“உங்களுக்குப் புரிய வைக்கிறதுக்குள்ள நான் தூக்கத்துலயும் இதையே உளறப்போறேன்.”

அலுத்துக்கொண்டே மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல, கோடும் சுழியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாயின.

ஒரு மாலை, தையற்காரி முழுப் பக்கத்தையும் தங்குதடையின்றிப் படித்து முடித்தாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரகத்திதான் முதலில் கை தட்டினாள்.

எல்லோரும் கலைந்ததும் தையற்காரி ஆசிரியையிடம் தயங்கித் தயங்கிப் போனாள்.

“டீச்சர், என்னை அடுத்த வகுப்புக்கு மாத்திட்டீங்க, சந்தோஷம். ஆனா அக்கா இங்கயே நின்னுட்டாங்க. படிப்புல கொஞ்சம் மந்தம், மனசு தங்கம். அவங்களக் கைவிட்டுறாதீங்க.”

ஆசிரியை வாசலை எட்டிப் பார்த்தாள். ஓரகத்தி தெருவில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

“சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க,” என்றாள் மெல்ல. “எனக்கு இந்தக் கோட்டையும் சுழியையும் சொல்லிக்கொடுத்ததே உங்க அக்காதான்.”