நடுவில் உட்கார்ந்தவள்

ஆறாவது உதைக்குத்தான் வண்டி கிளம்பியது.

மார்கழி கடைசி. எதிர்வீட்டு வாசல்கூடத் தெரியாத பனி. புகழேந்தி ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடியே குரங்குக் குல்லாயை வாய்வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டான். வண்டி அவனுடையதல்ல, நண்பன் லியாகத் அலியுடையது. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து குத்தாலத்தில் மாமியார் வீட்டுக்கு ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போயிருக்கலாம்.

பஸ்ஸில் போனால் மகள் அவன் பக்கத்தில் உட்கார மாட்டாள். மோட்டார் சைக்கிளில் அவளுக்கு வேறு வழியில்லை.

செம்மொழிக்கு மூன்றரை வயது. அவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்குப் போனவன், இப்போதுதான் ஒரு மாத லீவில் வந்திருக்கிறான். வந்து பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் ஒருமுறைகூட அவள் அவனிடம் வரவில்லை.

கண் சிமிட்டும் பொம்மையை அவன் கையிலிருந்து வாங்கவில்லை. தரையில் வைத்துவிட்டு அவன் நகர்ந்த பிறகு வந்து எடுத்துக்கொண்டாள். மீசையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று யாரோ சொன்னார்கள். மீசையை எடுத்தான். எனக்கே உங்களை அடையாளம் தெரியவில்லை என்று மனைவி தையல்நாயகி இரண்டு நாள் சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை.

அப்பா எங்கே என்று கேட்டால், எதிரே நிற்கிறவனைத் தாண்டி வாசலைப் பார்த்தாள்.

அவள் மிரண்டுவிடக் கூடாதென்று வீட்டில் எப்போதும் குரலைக் குழைத்துக் குழைத்து, கிசுகிசுவென்றே பேசப் பழகியிருந்தான். சில நாள் பேசுவதையே விட்டுவிட்டான்.

இப்போது அவள் அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் முதுகில் படாமல் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள்.

கும்பகோணம் தாண்டியதும் குளிர் கூடியது. இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற சம்பா வயல்கள் பனிக்குள் மூழ்கிக் கிடந்தன. ஹெட்லைட் வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை.

முதலில் நெற்றி பட்டது. கொஞ்ச தூரத்தில் கன்னம்.

புகழேந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நடை வேகத்துக்குக் குறைத்தான். குளிரில்தான் சாய்ந்திருக்கிறாள், தெரியும். அதுவும் போதும் என்றிருந்தது.

இஞ்சின் சத்தத்துக்கும் குல்லாய்க்கும் மேலே கேட்க வேண்டுமே என்று மனைவியிடம் கத்தினான்.

"தையலு, புள்ளைக்குக் குளுருதா? நான் பேசுறது கேக்குதா?"

தையல்நாயகி பதில் சொல்வதற்குள் அவன் முதுகை ஒட்டி ஒரு சின்னக் குரல் வந்தது.

"கேக்குது."

தப்பாகக் கேட்டிருக்கும் என்று நினைத்தான். ஆனால் கன்னம் இருந்த இடத்தில் இப்போது ஒரு காது அழுந்தியிருந்தது.

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்துருக்காங்க. போவவே மாட்டேங்குறாங்க. நீங்க சீக்கிரம் வாங்கப்பா."

சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து மணிக்கு நீடாமங்கலத்தில் சாரங்கபாணியின் உரக்கடைக்கு அவன் போன் செய்வான். தையல்நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருப்பாள். லைனில் ஒரே இரைச்சல். கத்தித்தான் பேச வேண்டும். மூன்று நிமிடத்தில் பத்துத் தடவையாவது கேட்கிறதா என்று கேட்பான். பேச்சு வந்த நாளிலிருந்து ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் பதில் சொன்னதெல்லாம் அந்தக் குரலுக்குத்தான். அவளுக்கு அப்பா என்றால் அது. அதற்கு முகம் கிடையாது.

அந்த மாமா வந்த நாளிலிருந்து அப்பாவின் போன் வரவே இல்லை.

புகழேந்திக்குக் கண்ணீர் மறைத்தது. பனியும்தான். பின்னாலிருந்து தையல்நாயகியின் கை வந்து அவன் தோளை இறுகப் பிடித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அந்தக் கையை வைத்துச் சொல்ல முடியவில்லை.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மறுபடியும் மாமாவாகிவிடுவான். அதே சத்தத்தில், அந்த மாமா எப்படி, கெட்டவரா என்று கேட்டான்.

செம்மொழி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"இல்லப்பா. பாவம்."

அதற்குப் பிறகு நிறைய சொன்னாள். ஆடு குட்டி போட்டது, பால்வாடியில் முட்டை கொடுத்தது, பொம்மை கண்ணை மூடித் தூங்குவது எல்லாவற்றையும். மூன்று நிமிடத்தில் லைன் அறுந்துபோகாததால் அவளுக்கு இன்று சொல்ல நிறைய இருந்தது. குத்தாலத்தில் மாமியார் தெருவுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. புகழேந்தி நேரே விட்டான்.

ஊரைத் தாண்டியதும் ரயில்வே கேட் மூடியிருந்தது.

வேறு வழியில்லாமல் நிறுத்தினான். இஞ்சின் ஓய்ந்ததும் திடீரென்று எல்லாம் நிசப்தமாகிவிட்டது. பனி விலகி மஞ்சளாகக் காலை வெயில் விழுந்துகொண்டிருந்தது.

செம்மொழி அம்மாவின் கையைப் பிடித்துச் சறுக்கி இறங்கினாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

புகழேந்தி குல்லாயைக் கழற்றினான். அழுவாள் என்றுதான் நினைத்தான்.

அவள் அழவில்லை. பெட்ரோல் டேங்கைப் பிடித்து எக்கி, சில்லிட்ட விரல்களைக் குனிந்தவன் வாயில் வைத்தாள்.

"பேசுங்க."

இத்தனை தூரம் கத்திக்கொண்டு வந்தவனுக்கு உதடு மட்டும் அசைந்தது. தையல்நாயகி பின்னாலிருந்து அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

ரயில் போய்விட்டது. கேட் தூக்கப்பட்டது. பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர்களை ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு போனார்.

புகழேந்தி இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.