ருசி பார்க்கிற டியூட்டி

"உம்மா, அந்த ஆளு ரெண்டாவது தட்டையும் காலி பண்ணிட்டாரு!"

ஜஸீலா ஓடிவந்து சொன்னதும் ரஹ்மத்துன்னிசா கரண்டியை டொக்கென்று அண்டாவுக்குள் போட்டாள்.

"ருசி பார்க்க வந்தாரா, விருந்துக்கு வந்தாரா?"

போர்ட் பிளேயரில் மூன்று நாள் மாநாடு. பயங்கரவாதத்தை ஒன்றுசேர்ந்து தடுப்பது எப்படி என்று பேச ஆறு நாட்டு அதிகாரிகள் வந்து இறங்கியிருந்தார்கள். மதியச் சாப்பாடு, டெய்ரி ஃபார்ம் பகுதியில் மெஸ் நடத்தும் ரஹ்மத்துன்னிசாவின் பொறுப்பு. இவ்வளவு பெரிய ஆர்டர் அவளுக்கு இதுதான் முதல் தடவை. நல்லபடியாக முடிந்தால் இனிமேல் அரசாங்க விசேஷங்களுக்கெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

ரமலான் மாதம். தாய்க்கும் மகளுக்கும் நோன்பு. உப்பு பார்க்கக்கூட எதையும் நாக்கில் வைக்காமல், வாசனையை வைத்தே நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்தான் சப்-இன்ஸ்பெக்டர் ஜெகநாதன். சாப்பாடு உள்ளே போகும் முன் அதைச் சாப்பிட்டுப் பார்க்கிறது அவர் டியூட்டியாம்.

"நாம விஷம் வச்சிருவோமோன்னு பயம்," என்று ரஹ்மத்துன்னிசா மகளிடம் பொருமினாள். "பேரைக் கேட்டதுமே சந்தேகம் வந்துருச்சு பாரு."

"சந்தேகப்படுற ஆளு இப்படியா சாப்பிடுவாரு?"

அதுவும் நியாயமான கேள்விதான்.

"அக்கா, மீன் வறுவல் வைக்க மறந்துட்டீங்களே," என்று நாற்காலியிலிருந்து ஜெகநாதனின் குரல் வந்தது. "பாயசமும் வரல. தால்சாவுல உப்பு கொஞ்சம் கம்மி."

"போலீஸா, மாமியாரா?" என்று ஜஸீலா முணுமுணுத்தாள்.

சாப்பிட்டு முடித்தவர் எழுந்தும் போகவில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து ஏப்பம் விட்டார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகுதான், "டீக் ஹை, அனுப்புங்க," என்றார்.

அனுப்பியும் பிரயோஜனமில்லை. மாநாட்டுக் கதவு திறக்கவே இல்லை. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சுதாதான் விஷயத்தைச் சொன்னாள்.

"சந்தேகப்பட்ட ஆளுங்க லிஸ்ட்டை மத்த நாட்டுக்குக் 'கொடுக்கலாம்'னு எழுதறதா, 'கொடுக்கணும்'னு எழுதறதான்னு காலையிலேர்ந்து சண்டைக்கா. 'லாம்'னு மூணு நாடு, 'ணும்'னு மூணு நாடு."

பிரியாணி ஆறிப்போனது.

மறுநாளும் ஜெகநாதன் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அதே போல ரெண்டு தட்டு. ரஹ்மத்துன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் தட்டில் மட்டும் சோற்றுக்கு அடியில் ரெண்டு ஸ்பூன் ஊசி மிளகாய் விழுதை வைத்து மூடினாள்.

"உம்மா, நோன்பு நேரத்துல இதெல்லாம்..."

"ருசி பார்க்கத்தானே வந்திருக்காரு. நல்லாப் பார்க்கட்டும்."

ஜெகநாதனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.

"ஜோரா இருக்குக்கா," என்றார் கமறிக்கொண்டே.

ஜஸீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மூன்றாம் நாள் அவர் வந்தபோது முகம் வெளிறிப் போயிருந்தது. மட்டன் பிரியாணித் தட்டைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பின்பக்கக் குழாயடிக்குப் போனார்.

சரியாக அந்த நேரம் பார்த்து டெல்லியிலிருந்து வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி ஷீலா மேடம் சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

"ஜெகநாதன் கஹான் ஹை?"

"பின்னாடி போயிருக்காரு மேடம்," என்று ரஹ்மத்துன்னிசா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள்.

"அச்சா. அவரால முடியலைன்னா இன்னிக்கு நீங்களே சாப்பிட்டுக் காட்டிடுங்க."

"நானா?"

"ரூல் அதுதானே? யார் சமைச்சாங்களோ அவங்கதான் சாப்பிடணும். சைவத்துல ஒரு முழுத் தட்டு, அசைவத்துல ஒரு முழுத் தட்டு. அரை மணி நேரம் எங்க கண் முன்னாடி உட்காரணும். உங்களுக்கு அல்சர், மசாலாவே ஆகாதுன்னு எழுதிக் கொடுத்துட்டுத்தானே அவர் ரெண்டு நாளா சாப்பிட்டாரு?" ஷீலா மேடம் குரலைத் தணித்து அக்கறையாகக் கேட்டார். "இப்ப எப்படி இருக்கு உங்க அல்சர்?"

ஜஸீலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

அதற்குள் ஜெகநாதன் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"நான் இருக்கேன் மேடம். சாப்பிடப் போறேன்."

"குட்," என்று கிளம்பியவர் கதவருகில் நின்று, "உள்ள இன்னும் 'லாம்', 'ணும்' முடியல. மெதுவாவே சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெகநாதன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ரஹ்மத்துன்னிசா அதன் மேல் கையை வைத்துத் தடுத்தாள்.

"எனக்கு நோன்புன்னு உண்மையைச் சொல்லியிருக்கலாமே சார்?"

"நல்லாச் சொன்னீங்க போங்க. சமைச்ச அம்மாவே சாப்பிட மாட்டேங்குதாம்னு, அதுக்கு ஆறு நாடும் தனியா ஒரு மீட்டிங் போட்டிருக்கும். சாயங்காலமே வேற ஆளை வச்சுச் சமைச்சிருப்பாங்க."

"அதுக்காக அல்சர்னு ஒரு பொய்யா சார்?"

ஜெகநாதன் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தார்.

"அல்சர் பொய் இல்லக்கா. ஆளைத்தான் மாத்திச் சொன்னேன்."