எறும்பு மீசைக்கு எந்த லென்ஸ்?

"எறும்போட மீசையை எடுக்கணும்னா ஜூம் லென்ஸ் போதுமா மேடம், இல்ல மேக்ரோதான் வேணுமா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நூலகப் புத்தகத்தைப் பரபரவென்று புரட்டினாள் அந்த ஓய்வுபெற்ற நர்ஸ்.

"ஜூம்னா தள்ளி நின்னே எடுக்கலாம் சார், பூச்சி மிரளாது. ஆனா எறும்பு தெரியும், மீசை தெரியாது. மேக்ரோன்னா ஒரு சாண் கிட்ட போயிடலாம். மீசை முடியைக்கூட எண்ணலாம்."

"ஜூமை முழுசா நீட்டிட்டு, நானும் கிட்ட போனா?"

"தாராளமாப் போங்களேன்."

"அப்ப ஃபோகஸ் ஆகாதே மேடம்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்று சமாளித்தாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் நாலு மாதமாக, புதன்கிழமையானால் போன் பக்கத்திலேயே பழியாய்க் கிடந்தாள்.

மற்றபடி அவளுக்கும் கேமராவுக்கும் வெகுதூரம். புதிதாக வாங்கிய நம்பர், முன்பு ஏதோ லென்ஸ் கடையுடையதாம். "ராங் நம்பர், ராங் நம்பர்" என்று சொல்லியே அவளுக்கு வாய் வலித்தது. பிறகு அந்த அழைப்புகளும் நின்றுபோயின. வெளியூர் மகன் "சாப்டியாம்மா?" என்று எப்போதாவது மெசேஜ் அனுப்புவதோடு சரி. மூன்று நாள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்த ஒரு மத்தியானம் மணி அடித்தது.

"லென்ஸ் கடையா?"

"ஆமா சார், சொல்லுங்க" என்று வாய் முந்திக்கொண்டது. அன்று சாயங்காலமே நூலகத்தில் உறுப்பினராகிவிட்டாள்.

"மேடம், இருக்கீங்களா?" அவர் தொண்டையைச் செருமினார். "போன்லயே எத்தனை நாளைக்குப் பேசறது? நாளைக்கு நேர்லயே வரலாம்னு இருக்கேன். எங்க வரணும்?"

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். பொய்யாக ஒரு முகவரி சொன்னால் மனுஷன் வெயிலில் அலைவார். உண்மையைச் சொன்னால் அடுத்த புதன்கிழமை மணி அடிக்காது. எதைச் சொன்னாலும் இந்தக் குரல் போய்விடும். அலைய விடுவதற்குத்தான் மனசு வரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். கடையும் இல்ல, லென்ஸும் இல்ல. இது என் வீடு. புத்தகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாளா அளந்து விட்டேன். பேச எனக்கு யாரும் இல்ல சார், அதான்..."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினாலும் பரவாயில்லை, ஒரு குரல்தானே என்றிருந்தது.

"கடை இல்லைன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் அவர் மெதுவாக. "போன வருஷம் அதைப் பூட்டினதே நான்தான். வீட்டுல தனியா உட்கார முடியாம, என் பழைய நம்பருக்கே ஒரு நாள் அடிச்சுப் பார்த்தேன். நீங்க 'ஆமா சார், சொல்லுங்க'ன்னீங்க!"