அழாத அம்மா

"அந்தம்மா அழவே இல்லீங்க!"

காட்சி முடிந்து வெளியே வந்த ரசிகை ஒருத்தி, மேனேஜரைப் பிடித்துக்கொண்டாள். தோளில், படத்தில் அம்மா போர்த்தியிருக்கும் அதே பச்சைச் சால்வை. கையில் மடிப்புக் கலையாத கைக்குட்டை.

"அந்த சீனுக்காகவே வந்தோம். அவங்க பாட்டுக்குக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. பெத்த பொண்ணு செத்துப் போச்சுன்னு சொல்றாங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் கூடவா வராது?"

மேனேஜர் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். இந்த வாரம் முழுக்க இதே புகார்தான்.

நாவல் சக்கைப்போடு போட்டது. படம் அதைவிடப் பெரிய வெற்றி. ரசிகர்கள் கதைக்குள்ளேயே நடந்து பார்க்கட்டும் என்று படக் கம்பெனி ஒரு பழைய கிடங்கைப் பிடித்து, கதையில் வரும் வீட்டை அச்சு அசலாக எழுப்பியிருந்தது. சமையலறையில் நடிகர்கள் அப்பாவும் அம்மாவுமாகச் சண்டை போடுவார்கள். கூடத்தில் சித்தப்பாவோடு நீங்களே உட்கார்ந்து பேசலாம்.

கடைசி அறைதான் எல்லோரும் காத்திருக்கும் இடம். பக்கத்து வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்து, "பொண்ணு போயிட்டாம்மா" என்பார். அம்மா தரையில் விழுந்து கதறுவாள். கூட்டமும் சேர்ந்து கதறும்.

மேனேஜர் நேராக மேக்கப் அறைக்குப் போனார். அம்மாவாக நடிப்பவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது? முன்னாடியெல்லாம் கூட்டத்தையே உருக வெச்சீங்க. லீவு போயிட்டு வந்ததுல இருந்து நீங்க நீங்களா இல்ல."

"நாளைக்குச் சரியாப் பண்ணிடறேன் சார்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. வரலைன்னா கிளிசரின் போட்டுக்கங்க."

"போட்டுப் பார்த்தேன் சார். கண்ணுதான் எரியுது."

மேனேஜருக்குச் சுர்ரென்று ஏறியது. வேறு நடிகையைத் தேட வேண்டியதுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் கார் வந்து நின்றது. எழுத்தாளர்.

திறப்பு விழாவுக்கே வராத மனிதர், இன்று பார்த்து வந்திருக்கிறார்!

எழுத்தாளர் ரசிகர்களோடு ரசிகராக எல்லா அறைகளையும் சுற்றினார். கடைசி அறையில் சுவரோரமாக நின்றுகொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "பொண்ணு போயிட்டாம்மா..."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சரி" என்று தலையாட்டினாள். எழுந்து, காற்றில் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்து பழையபடி உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான்.

கூட்டத்தில் யாரோ 'ச்சே' என்றார்கள். "சுத்த ஏமாத்து வேலை!"

வெளியே வந்ததும் மேனேஜர் கையைப் பிசைந்தார். "மன்னிக்கணும் சார். லீவு போயிட்டு வந்ததுல இருந்து இப்படித்தான். நாளையிலிருந்து வேற ஆள் போட்டுடறேன்."

"வேணாம்" என்ற எழுத்தாளர், கலைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். அந்தம்மா மேல தப்பில்ல. அழக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

கூட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் சார், உங்க கதையை நீங்களே கெடுக்கறீங்க?"

"புகழ் வந்ததும் தலைக்கனம் வந்துடுச்சு!"

"அந்த ஒரு அத்தியாயத்துக்காகவே உங்களைக் கும்பிட்டோம். பெத்தவ மனசு உங்களுக்கு எங்க சார் தெரியும்?" என்றாள் கையெழுத்துக்காகப் புத்தகத்தோடு நின்றிருந்த ஒருத்தி. புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினாள்.

எழுத்தாளர் எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

கூட்டம் போனதும் மேனேஜர் கேட்டார். "எப்ப சார் சொன்னீங்க? நீங்க அவங்களைப் பார்க்கறதே இன்னிக்குத்தானே?"

"அவங்க எதுக்கு லீவு போனாங்கன்னு கேட்டீங்களா தம்பி?"

"வீட்டுல அவசரம்னாங்க. நானும் மேல கேட்டுக்கல."

"போய்க் கேளுங்க. கோவப்படாம கேளுங்க."

மேனேஜர் மேக்கப் அறைக்குப் போனார். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்டார்.

அவள் தோளில் கிடந்த சால்வையை எடுத்து மடித்தாள்.

"பொண்ணு சார். காய்ச்சல்னுதான் படுத்தா. எந்திரிக்கவே இல்ல. உங்ககிட்ட சொன்னா வீட்டுல இருங்கன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"அய்யோ, இந்த நிலைமையில எதுக்கும்மா வந்தீங்க? அதுவும் அந்த சீனுக்கு..."

"வீட்டுல அவ பேச்சையே யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க சார். நான் உள்ள வந்தா வாயை மூடிக்கறாங்க. இங்கதான் ஒருத்தர் என் முகத்தைப் பார்த்து, 'பொண்ணு போயிட்டாம்மா'ன்னு சொல்றாரு. அதைக் கேட்கத்தான் வரேன்."

மேனேஜர் எழுந்து வெளியே வந்தார். காரில் ஏறப்போன எழுத்தாளர், மேனேஜரின் முகத்தைப் பார்த்ததும் நின்றார்.

"அவங்களை மாத்தல சார். இஷ்டப்படி இருக்கட்டும்" என்றார் மேனேஜர். "ஆனா, தினமும் பார்க்கற எனக்குத் தெரியல. ஒரே ஒரு தடவை பார்த்த உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க பொண்ணு போன அன்னிக்கு நானும் என் மனைவியும் அழவே இல்ல தம்பி. அதை அப்படியே எழுதினா ஒருத்தரும் நம்ப மாட்டாங்கன்னுதான், நாவல்ல கதற வெச்சேன்."