பதினோராவது மாதம்

"அம்மாவும் பொண்ணுமா?" என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டே நர்ஸ் புதுத் தாளை எடுத்தாள். கௌசிகா வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வசந்தாவிடம் போய்விட்டது. எத்தனை பிரசவம், எந்த வயதில் மாதவிலக்கு நின்றது? தாய்க்குச் சீக்கிரம் நின்றிருந்தால் மகளுக்கும் அப்படி ஆகலாமாம், எழுதிக்கொள்ள வேண்டுமாம்.

வரதய்யபாளையம் சந்தையில் ஒரு கூறு கத்தரிக்காய்க்குத் தெலுங்கில் அரை மணி நேரம் வாதாடுகிறவள் வசந்தா. இன்றைக்கு என்னவோ அந்தப் பாஷையே தெரியாதவள் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இவர் தன் மாமியார் என்றும், பெற்றது ஒரே பிள்ளை, அது தன் கணவர் என்றும் கௌசிகாவே சொல்லி முடித்தாள். நர்ஸ் சிரித்தபடி எழுதியதை அடித்தாள். வசந்தா சிரிக்கவில்லை.

கோபமாகத்தான் இருக்கும் என்று கௌசிகா நினைத்தாள். கணவன் லோகேஸ்வரனுக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. "நான் வரேன்" என்று மாமியார் காலையில் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில், விசேஷம் ஏதாவது உண்டா என்று ஒரு தடவைகூடக் கேட்காதவள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

போன வருஷம் இதே திருப்பதி ஆஸ்பத்திரியில்தான் டாக்டரம்மா சொன்னார். முப்பத்து மூன்று வயது உடம்பில் கருமுட்டை இருப்பு நாற்பத்தைந்து வயதுக்காரிக்கு இருப்பதுபோல இருக்கிறதாம். வேறொரு பெண் கொடுக்கும் முட்டையை வைத்துக் கருத்தரிக்கலாம். குழாயில் அடைப்பில்லை, மாதம் தவறாமல் வருகிறது, அதனால் கொஞ்ச நாள் இயற்கையாகவும் முயன்று பார்க்கலாம்.

முதல் வழிக்கே லோகேஸ்வரன் சரி என்று தலையாட்டிவிட்டான். கௌசிகாதான் ஒப்பவில்லை. ஊர் பேர் தெரியாத ஒருத்தியின் ரத்தத்தைக் கொண்டுபோய் மாமியார் மடியில் எந்த முகத்தோடு போடுவது?

அன்றிலிருந்து பத்து மாதம் ஓடிவிட்டது. விடிந்ததும் பாத்ரூமில் முட்டை வெளிவரும் நாளைக் காட்டும் ஒரு பட்டை, அதில் இரண்டு கோடு தெரிந்தால் அவனுக்கு ஒரு போன். அவன் யாரிடமாவது கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு, கண் எரிய வந்து சேருவான். கட்டிலில்கூட இருவரும் டியூட்டி பார்ப்பதுபோல ஆகிவிட்டது. பதினைந்து நாள் கழித்து அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், ஒன்றும் கேட்காமல் அவன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவான்.

இது பதினோராவது மாதம். இன்றைய ஸ்கேனில் வலது பக்கம் ஒரே ஒரு முட்டை தெரிந்தது, இடது பக்கம் எதுவுமில்லை. இயற்கையாகத் தங்கவே தங்காது என்று சொல்லமாட்டேன், ஆனால் இனியும் நாள் கடத்தாதீர்கள், முதலில் சொன்ன வழியை வீட்டுப் பெரியவர்களோடு பேசிப் பாருங்கள் என்று டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். வசந்தா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் காளஹஸ்தி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வசந்தா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மருமகள் மடியில் வைத்தாள்.

"துன்னு. காலைலருந்து பச்சத்தண்ணிகூட குடிக்காம சுத்திகினு இருக்க."

கௌசிகா ஒரு வாய் எடுத்தாள். பொட்டலத்தைத் திரும்ப மடித்தாள். அழுகைகூட வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டுமே.

"அத்த, என்னால இதுக்கு மேல முடியல. அவருக்கு வேற எடம் பாருங்க. நான் நகரிக்கு எங்கம்மா வூட்டுக்கே போய்க்கிறேன்."

வசந்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா அன்றைக்கே ஒரு வழி சொன்னார்களாமே, லோகேசு நேற்றுதான் அதைச் சொன்னான், அதை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"உங்களுக்கோசரம்தான் அத்த. யாரு ரத்தமோன்னு நீங்க அந்தப் புள்ளய தொடாம போயிட்டா, நான் இன்னா பண்றது?"

காளஹஸ்தி பஸ் வந்தது. ஜனம் முண்டியடித்து ஏறியது. கௌசிகா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வசந்தா அவள் கையைப் பிடித்துத் திரும்ப உட்காரவைத்தாள். அந்த பஸ் அவர்களை விட்டுவிட்டே போயிற்று.

 பிடித்த கையை அவள் விடவில்லை.

"எனக்கு இருவத்தெட்டு வயசுலயே நின்னுபோச்சு, கௌசி. ஒரு தபாகூட வயித்துல தங்கல" என்றாள் மெதுவாக. "அப்ப என்கூட கரும்பு வெட்டிகினு இருந்த ஒருத்தி, புள்ள பெத்த மூணாம் நாளு கண்ண மூடிட்டா."

கௌசிகா நிமிர்ந்தாள்.

"அவ புள்ளதான் லோகேசு."